நடுகல், கல்வெட்டு, கோயில்: கொங்கு நாட்டில் போட்டோவாலும் ஸ்கேனாலும் ஆவணப்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர், நாமக்கல் பக்கம் பழைய கற்களைத் தேடிப்போகும் நண்பர்களும், கோயில் கமிட்டிக்காரர்களும், கல்லூரிப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேமராவைக் கையில் எடுக்கும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

போட்டோ எடுத்தால் போதாதா? ஸ்கேன் எதற்கு?

ஒழுங்காக எடுத்த ஒரு போட்டோ இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் போட்டோவில் ஆழம் பதிவாகாது. உளி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது, சிற்பத்தின் முகம் பத்து வருசத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார்க்க முப்பரிமாணப் பதிவு வேண்டும்.

அதற்கு இரண்டு வழி. ஒன்று போட்டோகிராமெட்ரி. ஒரு பொருளைச் சுற்றிவந்து, ஒரு படத்தில் விழுந்த பகுதி அடுத்த படத்திலும் விழும்படி நிறையப் படம் எடுக்க வேண்டும். பல படங்களில் தெரியும் ஒரே புள்ளியை மென்பொருள் அடையாளம் கண்டு, கேமரா எங்கெங்கே நின்றது என்று கணக்குப் போட்டு, வடிவத்தை உருவாக்கும். இன்னொன்று லேசர். கருவி ஒளியை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தை அளக்கும். இரண்டிலும் முதலில் கிடைப்பது லட்சக்கணக்கான புள்ளிகள். புள்ளி மேகம் என்று இதைச் சொல்வார்கள். அந்தப் புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்தால் உருவம் வந்துவிடும்.

எதிலிருந்து தொடங்கலாம்? பேரூர் மாதிரிப் பெரிய கோயிலில் ஆரம்பிக்கலாமா?

வேண்டாம். பேரூர் பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபத் தூண்களை எடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அவற்றுக்கு ஏற்கெனவே படங்கள் இருக்கின்றன, பார்த்துக்கொள்ள ஆட்களும் இருக்கிறார்கள். நாளைக்குக் காணாமல் போகப்போவது உங்கள் ஊர்க் கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், கிளுவை வேலி ஓரமாகச் சாய்ந்து கிடக்கும் புலிக்குத்திக்கல்.

மாட்டுப்பட்டியைக் காக்கப் புலியோடு சண்டையிட்டு இறந்தவனுக்கு எடுத்த கல் அது. பாயும் புலியின் மேல் ஈட்டியையோ வாளையோ பாய்ச்சி நிற்கும் வீரன், பக்கவாட்டில் கட்டிய கொண்டை, சில கற்களில் மேலே இரண்டு வரி எழுத்து. கொங்கு நாடு முழுக்க இவை சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை. சாலையை அகலப்படுத்தும்போது ஜேசிபி வாளியில் அள்ளிப்போனால் கேட்க நாதியில்லை. அதனால் அவற்றிலிருந்து தொடங்குங்கள். வேலையும் நன்றாகப் பழகும்.

சரி, ஒரு புலிக்குத்திக்கல்லை எடுக்கப் போகிறேன். என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் தோட்டத்துக்காரரிடம் சொல்லுங்கள். அந்தக் கல்லுக்கு அவர்கள் வீட்டில் ஒரு பெயர் இருக்கும். வருசத்துக்கு ஒருமுறை பொங்கல் வைப்பவர்கள் இருப்பார்கள். அதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்வதும் ஆவணம்தான். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள்.

வெயில் நேராக விழும் நேரம் வேண்டாம். நிழல் கோடு கல்லின் குறுக்கே விழுந்தால் மென்பொருள் குழம்பும். விடிந்து வெயில் ஏறும் முன்போ, மேகமூட்டமான நாளிலோ போங்கள். கல்லின்மேல் படிந்த காய்ந்த இலையையும் மண்ணையும் மெத்தென்ற தூரிகையால் தட்டிவிடலாம். கம்பித் தூரிகை, சோப்பு, ஆசிட் எதுவும் கூடாது. கல்லைத் தோண்டி நிமிர்த்தவும் கூடாது. மண்ணுக்குள் புதைந்த பகுதி அப்படியே இருக்கட்டும், குறிப்பில் எழுதினால் போதும்.

கல்லுக்குப் பக்கத்தில், அதைத் தொடாமல், ஓர் இரும்பு ஸ்கேலை வையுங்கள். அளவு தெரிந்த பொருள் படத்தில் இல்லாவிட்டால் உருவம் வரும், ஆனால் அது ஒரு அடியா ஆறு அடியா என்று மென்பொருளுக்குத் தெரியாது. படத்தின் நிறத்தைச் சரிபார்க்க உதவும் நிற அட்டை ஒன்றும் இருந்தால் நல்லது. பிறகு ஜூமைத் தொடாமல், ஃப்ளாஷ் போடாமல், ஐஎஸ்ஓவைக் குறைத்து, முழங்கால் உயரத்தில் ஒரு சுற்று, நெஞ்சு உயரத்தில் ஒரு சுற்று, கைகளைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து ஒரு சுற்று. அடுத்தடுத்த படங்கள் எழுபது சதவீதமாவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். ஒரே இடத்தில் நின்று கேமராவை மட்டும் திருப்பினால் பயனில்லை, ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அடி நகருங்கள். சுற்று முடிந்ததும் எழுத்து, முகம், புலியின் வாய் என்று நெருங்கிப் போய் எடுங்கள். ஓர் ஆள் உயரக் கல்லுக்கு நூறு படம் வந்தால் அதிகமில்லை. கல்லின் முதுகை மறந்துவிடாதீர்கள். நிறையப் பேர் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கிளம்பும் முன் கல் எந்தத் திசை பார்த்து நிற்கிறது, உயரம், அகலம், தடிமன், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். தூரத்தில் நின்று, நிலம் முழுக்கத் தெரியும்படியும் ஒரு படம் எடுங்கள். பிற்பாடு கல்லை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டால் அது முதலில் நின்ற இடத்துக்கு அந்தப் படம்தான் சாட்சி.

போன் கேமரா போதுமா? லைடார் இருக்கிற போனே வேண்டுமா?

இப்போதைய நடுத்தர விலைப் போனே போதும். முதன்மை லென்ஸில் மட்டும் எடுங்கள், அழகுபடுத்தும் வசதிகளை அணைத்துவிடுங்கள். ரா ஃபைலாக, அதாவது கேமரா பதிவு செய்ததைச் சுருக்காமல் திருத்தாமல், சேமிக்கும் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

2020-ல் வந்த ஐபோன் 12 ப்ரோ முதல் சில போன்களில் லைடார், அதாவது லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி, இருக்கிறது. ஐந்து மீட்டர் தூரம் வரை அளக்கும். ஒரு சின்ன மண்டபத்தின் தரைப்படம் வரைய அது அருமையான வசதி. கல்வெட்டுக்கு உதவாது. எழுத்தின் ஆழம் சில மில்லிமீட்டர், அந்தக் கருவியின் பிழை சென்டிமீட்டர் கணக்கில் வரும். அதே போனில் சாதாரணமாகப் படம் எடுத்துப் போட்டோகிராமெட்ரி செய்தால் எழுத்து கிடைக்கும்.

மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. மெஷ்ரூம், கோல்மேப் இரண்டும் இலவசம். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். கிடைத்த உருவத்தைப் பார்க்கவும் அளக்கவும் மெஷ்லேப், கிளவுட்கம்பேர் இருக்கின்றன, அவையும் இலவசம்தான். காசு கொடுத்து வாங்குவதில் மெட்டாஷேப் பலரும் பயன்படுத்துவது.

உருவம் வந்ததும் ஒன்று செய்து பாருங்கள். மெஷ்லேப்பில் கல்லின் நிறத்தை அணைத்துவிடுங்கள். பாசி, சுண்ணாம்பு, எண்ணெய்க் கறை, மஞ்சள் குங்குமம் எல்லாம் மறைந்து வெறும் மேடுபள்ளம் மட்டும் சாம்பல் நிறத்தில் நிற்கும். இப்போது திரையில் வெளிச்சத்தைப் பக்கவாட்டுக்கு இழுங்கள். நேரில் பார்க்கும்போது கறையாகத் தெரிந்த இடத்தில் ஒரு ணகரத்தின் சுழியோ வகரத்தின் வளைவோ மேலெழும். இந்த வேலையில் எனக்கு இன்னும் அலுக்காத நேரம் அதுதான்.

எழுத்து ரொம்பத் தேய்ந்துவிட்டது. மாவு பூசிப் படித்தால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். சுண்ணக்கட்டி, கோலமாவு, மைதா என்று தேய்த்துப் படிப்பது நம் பக்கம் ரொம்ப நாளாக நடக்கிறது. கல்லின் நுண்துளைக்குள் போன மாவு ஈரத்தை இழுக்கும், பூஞ்சை பிடிக்கும். அதைவிடப் பெரிய கேடு, நாம் எந்தக் கோட்டை எழுத்து என்று நினைக்கிறோமோ அதில் மட்டும் மாவு ஏறும். அடுத்து வருபவர் நம் ஊகத்தைத்தான் படிப்பார், கல்லை அல்ல.

அதற்குப் பதில் சாய்வெளிச்சம். பொழுது சாய்ந்தபின் ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கிட்டத்தட்ட கல்லை ஒட்டிப் பிடித்து, நாலு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம் எடுங்கள். பல சமயம் இதுவே போதும்.

போதாவிட்டால் ஆர்.டி.ஐ. (ரிஃப்ளெக்டன்ஸ் டிரான்ஸ்ஃபர்மேஷன் இமேஜிங்) என்ற படமெடுக்கும் முறை இருக்கிறது. எச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் 2001-ல் வெளியிட்ட உத்தியிலிருந்து வளர்ந்தது. கேமராவை ட்ரைபாடில் அசையாமல் நிறுத்தி, படத்தில் விழும்படி ஒரு பளபளப்பான கறுப்புக் கோலியை வைத்து, விளக்கை மட்டும் நாற்பது ஐம்பது இடங்களுக்கு நகர்த்திப் படம் எடுக்க வேண்டும். விளக்கு எப்போதும் ஒரே தூரத்தில் இருக்க, விளக்கில் ஒரு கயிற்றைக் கட்டி, கல்லில் படாமல், அளந்து அளந்து பிடிப்பார்கள். கோலியில் விழும் ஒளிப்புள்ளியை வைத்து, ஒவ்வொரு படத்திலும் விளக்கு எங்கே இருந்தது என்று ரீலைட் போன்ற இலவச மென்பொருள் கணக்கிடும். பிறகு திரையில் வேண்டிய திசையிலிருந்து வெளிச்சம் அடித்துப் படிக்கலாம்.

இது எங்கே உதவும் என்பதற்கு அறச்சலூரைச் சொல்வேன். ஈரோடு மாவட்டம் நாகமலையில், சமணர் இருந்த குகைத்தளத்தில் தமிழி எழுத்தில், அதாவது தமிழ் பிராமியில், ஓர் இசைக் கல்வெட்டு இருக்கிறது. அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் புலவர் செ. இராசு. ‘த தை தா தை த’ என்று தொடங்கி வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரி. இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றுபோல வரும். எழுத்தை அமைத்தவன் மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று பக்கத்திலேயே பெயரும் உண்டு. தமிழி எழுத்தில் த, தை, தா இவற்றுக்குள் வேறுபாடு ஒரு சின்னக் கோடுதான். அந்தக் கோடு உளி போட்டதா, பாறையில் இயற்கையாக விழுந்த கீறலா என்று முடிவு செய்ய, ஒரே திசையில் வெளிச்சம் விழுந்த ஒரே ஒரு போட்டோவை நம்ப முடியாது.

அப்படியென்றால் மைப்படி இனித் தேவையில்லையா?

மைப்படிக்கு மரியாதை குறையவே குறையாது. ஈரத் தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றி எடுத்த அந்தத் தாள்கள்தான் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் முழுமைக்கும் அடிப்படை. இன்று அழிந்துபோன பல கல்வெட்டுகள் அந்தத் தாளில் மட்டும்தான் உயிரோடு இருக்கின்றன. ஆனால் உதிரும் நிலையில் உள்ள கல்லில் தாளை ஒட்டி அடிப்பது ஆபத்து. மைப்படியைப் பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு எடுக்கட்டும். நாம் கல்லைத் தொடாத முறைகளோடு நின்றுகொள்வோம்.

பாறை ஓவியங்களுக்கு எது நல்லது?

கோவைக்குப் பக்கத்தில் குமிட்டிபதியின் பதிமலையில் வெள்ளை நிறத்தில் யானையும் மனிதர்களும் வரைந்திருக்கிறார்கள். இங்கே மேடுபள்ளம் முக்கியமில்லை, நிறம்தான் எல்லாம். நிற அட்டை வைத்து, ரா ஃபைலில், ட்ரைபாடில் எடுங்கள். மங்கிய நிறத்தைப் பிரித்துக் காட்ட டீஸ்ட்ரெட்ச் என்ற கருவி இருக்கிறது. பாறை ஓவியத்துக்கென்றே ஜான் ஹார்மன் உருவாக்கியது. செங்காவியில் அது செய்யும் வேலை பிரமிப்பு, வெள்ளையில் கொஞ்சம் குறைவு. மேம்படுத்திய படத்தை வெளியிடும்போது பக்கத்திலேயே அசல் படத்தையும் போடுங்கள். ஓவியத்தின்மேல் தண்ணீர் தெளித்துப் படம் எடுப்பவர்களைக் கண்டால் அங்கேயே தடுங்கள்.

லேசர் ஸ்கேனர் எப்போது வேண்டும்?

கட்டடம் பெரிதாக, இருட்டாக, அளவு துல்லியமாக வேண்டியிருக்கும்போது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மண்டபம், நாமக்கல் குடைவரைகள் போன்றவை. நாமக்கல்லில் அரங்கநாதர் குடைவரையை அதியேந்திர விஷ்ணு கிருகம் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. மலையைக் குடைந்து எடுத்த அறைக்குள் சுவர் எங்கே வளைகிறது, கூரையில் விரிசல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று வருசத்துக்கு வருசம் ஒப்பிட லேசர்தான் சரி.

கருவி பல லட்சம் ரூபாய், இயக்கப் பயிற்சியும் வேண்டும். சொந்தமாக வாங்க நினைக்காதீர்கள். பொறியியல் கல்லூரிகளிலும் சர்வே நிறுவனங்களிலும் இருக்கிறது, வாடகைக்கும் கிடைக்கும். ஒரு தூணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று லேசருக்கும் தெரியாது. அதனால் பல இடங்களில் நிறுத்தி எடுத்து இணைக்க வேண்டும். எண்ணெய் பூசிப் பளபளக்கும் கருங்கல்லில் லேசரும் திணறும், போட்டோகிராமெட்ரியும் திணறும்.

ட்ரோன் பறக்க விடலாமா?

கோட்டை, மலைக்கோயில், ஈமக்காடு (பழங்கால இடுகாடு) போன்றவற்றுக்கு ட்ரோன் நல்ல கருவி. ஆனால் கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் இரண்டும் நம் நடுவில் இருக்கின்றன. 2021 ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடம் பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்காமல் மேலே ஏற்றாதீர்கள். பச்சையிலும் 120 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நினைவுச்சின்னத்தின்மேல் பறக்க, அதை நிர்வகிக்கும் துறையின் அனுமதி தனி.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

இடத்தைப் பொறுத்தது. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்கள் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே கையில் பிடித்துச் சாதாரணமாகப் படம் எடுக்கலாம், ட்ரைபாட், தனி விளக்கு என்றால் முன்அனுமதி வேண்டும். மாநிலத் துறைக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம். வழிபாட்டில் உள்ள கோயில் என்றால் அறநிலையத் துறையின் செயல் அலுவலர். தமிழகக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், வாயில்காப்பாளரிடம் வாய்வார்த்தையாகப் பேசி உள்ளே போவது சரிப்படாது, எழுத்தில் வாங்குங்கள். தனியார் நிலம் என்றால் நிலத்துக்காரர்.

கடிதத்தில் என்ன எடுக்கப் போகிறீர்கள், எத்தனை பேர், கருவறைக்குள் வரமாட்டோம், படங்களின் ஒரு பிரதியை உங்களிடமே தந்துவிடுவோம் என்று எழுதுங்கள். கடைசி வரி பல கதவுகளைத் திறக்கும். சொன்னபடி கொடுத்தும் விடுங்கள்.

எங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி ஆரம்பிக்கப் போகிறது. இப்போது என்ன செய்வது?

மற்ற எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். பாலாலயத்துக்கு, அதாவது திருப்பணிக்காகச் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் சடங்குக்கு, நாள் குறித்த உடனே போய்விட வேண்டும். கொங்கு நாட்டில் கல்வெட்டுகளுக்கு வந்த பெரிய சேதம் பகையால் வந்ததல்ல, பக்தியால் வந்தது. மணலைப் பீய்ச்சியடித்துச் சுவரைப் பளிச்சென்று ஆக்கினால் எழுத்தின் விளிம்பு போய்விடும். கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தின் ஜகதி, குமுதம் என்னும் கீழ்வரிசைக் கற்களில்தான் எழுத்து ஓடும். தரையை உயர்த்தி டைல்ஸ் ஒட்டும்போது புதைவது அந்த வரிகளே. பழைய கல்லைக் கழற்றி வேறு வரிசையில் அடுக்கினால், ஒரே கல்வெட்டின் தலை கிழக்குச் சுவரிலும் கால் மேற்குச் சுவரிலும் போய் நிற்கும்.

சுவருக்கு இணையாக நடந்தபடி, கீழிருந்து மேல் வரை வரிசை வரிசையாக எடுங்கள். ஒவ்வொரு கல்லும் எந்தச் சுவரில், எந்த அடுக்கில், எத்தனையாவதாக இருக்கிறது என்று தெரியும்படி ஒரு கைவரைபடமும் போட்டுவிடுங்கள். கல்லைக் கழற்றுகிறார்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுக்கச் சொல்லி ஸ்தபதியிடம் பேசுங்கள், கல்லின் மதிப்பு அவருக்குத் தெரியும். கமிட்டிக்காரர்களிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் கோயிலை நேசிக்கிறவர்கள். ‘உங்கள் கோயிலுக்கு எந்த அரசன் நிலம் கொடுத்தான் என்று இந்த வரியில் இருக்கிறது’ என்று விரல் வைத்துக் காட்டினால் மறுநாள் அவர்களே காவல் நிற்பார்கள்.

அணைக்குள் மூழ்கிய கோயில்களை எடுக்க முடியுமா?

தண்ணீர் வற்றினால்தான். மேட்டூர் நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறித்தவக் கோயிலின் கோபுரமும் வெளியே வரும். பவானிசாகருக்குள் இருக்கும் தணாயக்கன் கோட்டையும் அப்படித்தான், வறட்சியில் மட்டும் தலைகாட்டும். ஒய்சாள அரசர்களின் படைத்தலைவர்களான தண்டநாயகர்களின் கோட்டை அது. தினமும் நீர்மட்டச் செய்தியைப் பார்த்துக்கொண்டு இருங்கள், குழுவைத் தயாராக வையுங்கள். ஒவ்வொரு முறை வெளிவரும்போதும் எடுத்தால், தண்ணீர் என்ன செய்திருக்கிறது என்று ஒப்பிடலாம். சேற்றில் தனியாக இறங்க வேண்டாம். நீர்வளத் துறையிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கொடுமணலில் ஆர்வலர்கள் என்ன செய்யலாம்?

நொய்யல் கரையில் உள்ள கொடுமணலைப் பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பாடுகிறது. 1980-களிலிருந்து பலமுறை அகழாய்வு நடந்து, எழுத்துப் பொறித்த பானையோடுகள், சூதுபவள மணிகள், இரும்பு உருக்கிய தடயங்கள் எல்லாம் கிடைத்திருக்கின்றன. அகழாய்வு என்பது ஒருமுறை மட்டுமே படிக்கக்கூடிய பக்கம், ஒரு மண்ணடுக்கை எடுத்துவிட்டால் திரும்ப வைக்க முடியாது. அதனால்தான் இன்றைய குழிகளில் அடுக்குக்கு அடுக்கு முப்பரிமாணப் பதிவு எடுக்கிறார்கள். அது ஆய்வாளர்களின் வேலை.

நம் வேலை தரைக்கு மேலே தெரியும் கல்வட்டங்கள், அதாவது பழைய ஈமக்குழிகளைச் சுற்றி வட்டமாக நட்ட கற்கள். எங்கே எத்தனை நிற்கின்றன என்று ஆண்டுதோறும் படம் எடுத்து வைக்கலாம். மணியோ ஓடோ காலில் தட்டுப்பட்டால் அது கிடக்கும் இடத்திலேயே படம் எடுங்கள், பையில் போடாதீர்கள். காசு, நகை போல ஏதாவது கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.

எடுத்த படங்களை எப்படிச் சேமிப்பது?

மூன்று பிரதி. இரண்டு வெவ்வேறு வகை ஊடகம். ஒன்று வேறு ஊரில். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் நிச்சயம் போய்விடும். செயலிகள் தரும் முடிந்த உருவத்தை மட்டும் வைத்துக்கொண்டு மூலப் படங்களை அழிப்பவர்கள் அதிகம், அது பெரிய இழப்பு. அடுத்த பத்தாண்டில் வரும் மென்பொருள் அதே படங்களிலிருந்து இன்னும் நல்ல உருவத்தை எடுக்கும். ஃபோல்டருக்கு ஊர், பொருள், தேதி என்று பெயரிட்டு, நோட்டுப் பக்கத்தையும் படமெடுத்து உள்ளேயே போடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் ஆவணம் ஆகாது. அளவு சுருங்கி, எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துவிடும்.

இணையத்தில் வெளியிடலாமா?

தாராளமாக. விக்கிமீடியா பொதுவகத்தில் திறந்த உரிமத்தில் ஏற்றினால் யாரும் பயன்படுத்தலாம். ஆனால் காவல் இல்லாத இடங்களின் துல்லியமான ஜிபிஎஸ் புள்ளியை வெளியே போடாதீர்கள். புதையல் தேடி ஈமக்குழிகளைத் தோண்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போன் எடுக்கும் படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும், ஏற்றும் முன் அதை நீக்குங்கள். முழு விவரத்தோடு ஒரு பிரதியை மாநிலத் தொல்லியல் துறைக்கோ கோவை, ஈரோடு, கரூர் அரசு அருங்காட்சியகங்களுக்கோ கொடுங்கள்.

வீட்டில் தாத்தா காலத்துக் கோயில் போட்டோக்கள் இருக்கின்றன. அவற்றால் பயன் உண்டா?

நீங்கள் இன்று எடுக்கும் எந்த ஸ்கேனையும்விட அவை மதிப்பு மிக்கவையாக இருக்கலாம். லின்னேயஸ் ட்ரைப் தாள் நெகட்டிவ் வைத்துத் தென்னாட்டில் எடுத்த படத்தொகுப்புகள் 1858-ல் வெளியாயின. அவற்றில் ஒன்று ராயக்கோட்டையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1950-களிலிருந்து கோயில்களில் எடுத்துச் சேர்த்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து திருடுபோய் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் வரை சென்ற நடராசர் 2014-ல் திரும்பி வந்ததற்கு, அந்த நிறுவனத்தின் பழைய படம் முக்கியச் சான்றாக நின்றது.

அதனால் ஆல்பத்தைப் புரட்டுங்கள். கல்யாணப் போட்டோவில் மணமக்களுக்குப் பின்னால் நிற்கும் தூண், தேர்த்திருவிழாப் படத்தில் ஓரமாகத் தெரியும் உற்சவர், எல்லாம் வேண்டும். படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல், கண்ணாடி பளபளக்காத வெளிச்சத்தில், தட்டையாக வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐயில் டிஃப் ஃபைலாகச் சேமியுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். அப்புறம் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, படத்தில் இருப்பவர் யார், எந்த வருசம், எந்தக் கோயில் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைப் போனில் பதிவு செய்து அதே ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.